ஸ்பீக்கர் காந்தத்தால் தேய்த்தால் ப்ளொப்பி அழியுமா?

ஏப்ரல் 2 (கேள்வி, தலவாக்கலையிலிருந்து)

அண்ணே, எங்கள் தாத்தா தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவர் போன பிறகு அலுமாரியைத் திறந்தால் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய ப்ளொப்பி, அதுதான் அந்தக் காலத்துக் கொம்பியூட்டர் டிஸ்க். பெரியதும் இருக்கிறது, சின்னதும் இருக்கிறது. சிலதில் செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவு), சிலதில் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்று லேபிள். ஆட்களின் பேரும் அடையாள அட்டை நம்பரும் உள்ளே இருக்கும் போல. சும்மா குப்பையில் போட மனமில்லை, வாசிக்க மெஷினும் இல்லை. பழைய ஸ்பீக்கரைக் கழற்றி அந்தக் காந்தத்தால் நாலு தரம் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்கிறார் மாமா. அது போதுமா?

ஏப்ரல் 2, இரவு

போதாது, தம்பி. ஸ்பீக்கர் காந்தம் டிஸ்கைக் கெடுக்கும், ஆனால் சுத்தமாக அழிக்காது. காந்தம் பட்ட இடம் ஒரே திசையில் காந்தமாகிப் போகும், சரியாகப் படாத இடம் எழுதியது எழுதியபடி கிடக்கும். சின்ன 1.44 எம்.பி. டிஸ்கில் ஒரு பக்கத்துக்கு 80 வட்டம், வட்டத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ஆக வெளியே உள்ள வட்டத்தில். அது போய்விட்டாலே கொம்பியூட்டர் டிஸ்கைத் திறக்க மறுக்கும், மாமாவும் வேலை முடிந்தது என்று நினைப்பார். உள்வட்டங்களைத் துண்டு துண்டாக வாசிக்கத் தெரிந்தவனுக்கு அந்தப் பட்டியலே தேவையில்லை. 512 பைட்டில் ஐந்தாறு பேரின் பேரும் அடையாள அட்டை நம்பரும் தாராளமாக அடங்கும்.

முழுக்க அழிய வேண்டுமானால் ஆடலோட்ட (ஏ.சி.) காந்தப்புலம் வேண்டும். வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது புலம் வினாடிக்கு 50 தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரளும். அந்தப் புலத்துக்குள் டிஸ்கை வைத்து, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் தூரம் கொண்டுபோக வேண்டும். ஆட்டிவிட்ட தொட்டில் அடங்குகிற மாதிரி ஒவ்வொரு புரட்டும் முந்தியதைவிடச் சிறிதாகி, கடைசியில் எந்தத் திசையிலும் காந்தம் மிஞ்சாது.

காந்தத்தின் பலத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பலம் தேவைதான். ஆனால் அழிப்பு நடப்பது விலக்கி எடுக்கும்போது.

ஏப்ரல் 3

கருவி எப்படிச் செய்வது என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். முதலில் எச்சரிக்கை: 230 வோல்ட் கரண்டைத் தொடும் வேலை இது. வயரிங் பழக்கம் இல்லையென்றால் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் செய்யவே வேண்டாம். பல லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இன்னும் இல்லை.

பழைய அம்ப்ளிபயரிலிருந்து கழற்றிய, கைப்பிடியளவு ட்ரான்ஸ்போமர் ஒன்று எடுங்கள். அதன் இரும்புத் தகடுகள் இரண்டு வகை. மூன்று கால் உள்ளது ஒன்று, அந்தக் கால்களை மூடுகிற நேர்ப்பட்டை ஒன்று. நேர்ப்பட்டைகளை முழுக்க எடுத்துவிட்டு, மூன்று கால் தகடுகளை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்க வேண்டும். வழக்கமாக இரும்புக்குள்ளேயே சுற்றி அடங்குகிற காந்தப்புலம் இப்போது அந்தத் திறந்த முகத்தால் வெளியே பாயும். டிஸ்க் வைப்பது அந்த முகத்தின் மேல். பழைய வார்னிஷில் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய கத்தியால் முதல் இரண்டு தகட்டைக் கிளப்பிவிட்டால் மற்றவை கையோடு வரும். முதல் தகடு எப்படியும் வளைந்துவிடும், அதை வீசிவிடலாம்.

கரண்ட் கொடுப்பது 230 வோல்ட் சுருளுக்கு மட்டும். மற்றச் சுருளின் நுனிகளைத் தனித்தனியாக இன்சுலேஷன் செய்து மடக்குங்கள், ஒன்றோடொன்று தொடவே கூடாது. கையை எடுத்தால் தானாக அணையும் அழுத்து சுவிட்ச் போடுங்கள். வரிசையில் பியூஸ் கட்டாயம். இரும்பில் எர்த் வயர். முகத்தின் மேல் மெல்லிய போர்மைக்கா ஒட்டினால் டிஸ்க் கீறுப்படாது.

மைக்ரோவேவ் ட்ரான்ஸ்போமர் நல்ல பலம் என்று யாராவது சொல்வார்கள். அதன் ஒரு சுருளில் 2000 வோல்ட் அளவில் வரும், தொட்டால் ஆள் மிஞ்சமாட்டான். அந்தச் சுருளை வெட்டி எடுத்தாலும் திறந்த முகத்தோடு அது இழுக்கும் கரண்ட் வீட்டு வயருக்குத் தாங்காது. வேண்டாம்.

ஏப்ரல் 3, பின்னேரம்

தொடரில் ஒரு குண்டு பல்ப் போட்டால் பாதுகாப்பு இல்லையா என்று பதுளையிலிருந்து ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. நேர்ப்பட்டைகளைக் கழற்றுமுன், முதல் தரம் கரண்ட் கொடுக்கும்போது கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டும். சுருளுக்குள் ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், வேறெதுவும் எரியாது. ஆனால் 100 வாட் பல்ப் 0.43 அம்பியருக்கு மேல் எதையும் போகவிடாது. அந்தக் கரண்டில் வரும் புலம் சாதாரண பாட்டுக் கசட்டுக்கே இழுபறி, 1.44 எம்.பி. டிஸ்குக்குப் போதவே போதாது. ஆகவே சோதனைக்குப் பல்ப், வேலைக்கு நேரடிக் கரண்டும் பியூஸும்.

நேரடியாகக் கொடுத்தால் சுருள் சீக்கிரம் சூடேறும். நேர்ப்பட்டை இல்லாததால் சுருளின் தடை விழுந்து, ட்ரான்ஸ்போமர் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கிறது. ஒரு டிஸ்குக்கு வேண்டிய சில வினாடிதான் அழுத்துவது, பிறகு ஓய்வு. கை வைக்க முடியாத சூடு வந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

ஏப்ரல் 4

எவ்வளவு பலம் வேண்டும் என்பது டிஸ்கைப் பொறுத்தது. காந்தப் பூச்சு ஒவ்வொன்றுக்கும் எதிர்த்து நிற்கும் அளவு ஒன்று உண்டு, ஓர்ஸ்டெட் என்ற அலகில் சொல்வார்கள். பழைய 360 கே.பி. பெரிய டிஸ்க் ஏறத்தாழ 300, சாதாரண இரும்பு ஒட்சைட்டுக் கசட்டும் அதே அளவு அல்லது சற்றுக் கூட. 1.2 எம்.பி. பெரிய டிஸ்கும் 720 கே.பி. சின்னதும் 600 சொச்சம். 1.44 எம்.பி. 700க்கு மேல். குரோம் கசட்டும் வி.எச்.எஸ். வீடியோ டேப்பும் இதே எல்லைக்குள். மெட்டல் கசட் 1000ஐத் தாண்டும். சுத்தமாக அழிய, புலம் இந்த அளவைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கைப்பிடி ட்ரான்ஸ்போமரால் முகத்தின் மேலேயே, இரண்டு கால்களுக்கு நடுவில்தான் அந்தப் பலம் கிடைக்கும். இரண்டு விரல் உயரத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் டிஸ்கை முகத்தோடு ஒட்டிப் பிடித்து, வட்டமாகச் சுற்றி எல்லா இடமும் காட்டி, திருப்பி மறுபக்கமும் காட்ட வேண்டும்.

விலக்கும் வேகத்துக்கு ஒரு கணக்கு. வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் தூக்கினால், 50 ஹேர்ட்ஸில் ஒரு புரட்டுக்கு 1 மி.மீ. நகர்கிறது. அது நல்ல வேகம். கை நீளும் வரை அதே சீரில் போய், அதற்குப் பிறகுதான் சுவிட்சை விட வேண்டும். பட்டென்று பிடுங்கினால் புரட்டு அடங்க நேரமிருக்காது.

ஏப்ரல் 4, இரவு

சின்ன டிஸ்கின் வழுக்கு மூடி பெரும்பாலும் இரும்புத் தகடு. முகத்தில் வைத்தவுடன் 'ர்ர்ர்' என்று நடுங்கி ஒட்டிக்கொள்ளும். பயப்பட ஒன்றுமில்லை, இறுக்கிப் பிடியுங்கள். மூடி இருக்கும் இடத்தில் புலத்தை அது கொஞ்சம் தனக்குள் இழுத்துக்கொள்வதால், மறுபக்கத்தையும் காட்டுவது சின்ன டிஸ்குக்கு இன்னும் முக்கியம்.

ஏப்ரல் 6

நேற்றுப் பின்னேரம் ஹட்டன் பக்கம் இடியோடு மழை. டிஸ்க் முகத்தின் மேல் இருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. சித்திரை மாதத்தில் இது வழக்கம் என்பதால் சொல்லிவைக்கிறேன். கரண்ட் நடுவில் நின்றால் புலம் எந்தத் திசையில் எவ்வளவு இருந்ததோ அந்தக் காந்தம் டிஸ்கில் அப்படியே உறைந்துவிடும். கரண்ட் வந்ததும் அதே டிஸ்கை முதலிலிருந்து செய்தால் சரியாகிவிடும். இடி கேட்டால் வேலையை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

ஏப்ரல் 7

'இத்தனை பாடு எதற்கு, கத்தரிக்கோலால் வெட்டிப் போடலாமே?'

வெட்டலாம். ரகசியம் மட்டும்தான் கவலை என்றால் ப்ளொப்பிக்குக் கத்தரிக்கோலே போதும். உறையைக் கிழித்துத் தகட்டை எடுத்து எட்டுப் பத்துத் துண்டாக வெட்டினால் அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை. எரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். பெரிய டிஸ்கின் உறை பி.வி.சி., எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வரும். லயத்தில் ஒரு வீட்டு வாசலில் எரித்தால் வரிசை முழுக்க அந்தப் புகையைச் சுவாசிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம்.

நான் அழிக்கிற பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. இந்த டிஸ்க்குகள் இனி வராது. சோனி கம்பெனி 2011 மார்ச்சோடு ஜப்பானில் ப்ளொப்பி விற்பதை விட்டுவிட்டது. ஆனால் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிற இசைக்குழுக்களில் ப்ளொப்பி போடும் பழைய கீபோர்டுகள் இன்னும் ஓடுகின்றன. எம்ப்ரோய்டரி மெஷின்களும் அப்படித்தான். கொட்டகலையில் கீபோர்டு வாசிக்கிற ஒரு பையன் 720 கே.பி. டிஸ்குக்காகக் கொழும்பு வரைக்கும் ஆள் சொல்லி வைத்திருந்தான். சப்பாத்துப் பெட்டியில் தூங்குகிற டிஸ்க் அவனுக்குச் சோறு போடும்.

இன்னொன்று, பூஞ்சணம். நம் பக்கத்து ஈரத்தில் அலுமாரிக்குள் இருந்த டிஸ்கின் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பழுப்பின் மேல் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதை ட்ரைவில் போட்டால் ட்ரைவின் ஹெட்டும் அழுக்காகி அடுத்த டிஸ்கும் கெடும். ட்ரைவில் போட்டு மேலே எழுதி அழிக்கிற வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. காந்தப்புலம் டிஸ்கின் பரப்பைத் தொடாமலே அழிக்கும்.

ஏப்ரல் 8

'போர்மட் பண்ணினால் போதாதா' என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் போர்மட் என்பதைப் பொறுத்தது. எம்.எஸ். டோஸ் 5 என்ற பழைய இயங்குதளம் வந்த 1991இலிருந்து, ஏற்கெனவே போர்மட் ஆன டிஸ்கை மறுபடி போர்மட் செய்தால் பட்டியல் மட்டும்தான் காலியாகும், உள்ளே இருப்பது இருக்கும். அதைத் திருப்பி எடுக்கவே அன்போர்மட் என்ற கட்டளையும் கூட வந்தது. போர்மட்டோடு சாய்கோடும் யு எழுத்தும் சேர்த்தால்தான் முழு டிஸ்கும் புதிதாக எழுதப்படும். விண்டோஸின் குயிக் போர்மட்டும் பட்டியலோடு நின்றுவிடுவதுதான்.

சரியாக அழிந்த டிஸ்கை டோஸ் மெஷினில் போட்டால் 'ஜெனரல் பெயிலியர் ரீடிங் ட்ரைவ் ஏ' என்று வரும். அந்த வரியைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்.

ஏப்ரல் 8, சற்றுப் பிறகு

பெரிய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு. 360 கே.பி. ட்ரைவ் அகலமான தடத்தில் எழுதும், 1.2 எம்.பி. ட்ரைவ் அதில் பாதி அகலத்தில் எழுதும். பழைய அகலத் தடத்தின் நடுவில் புதிய மெல்லிய தடம் விழும்போது இரண்டு ஓரத்திலும் பழையது மிஞ்சும். திருப்பி 360 ட்ரைவில் போட்டால் அதன் ஹெட் இரண்டையும் சேர்த்து வாசித்துத் தடுமாறும். முதலில் காந்தப்புலத்தில் அழித்துவிட்டுப் போர்மட் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. ரகசியத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவர்களுக்கும் இந்தக் கருவி தேவைப்படுவது இதற்காகத்தான். 1.44 டிஸ்கின் துளையை ஒட்டி 720ஆக்கப் பார்ப்பவர்களும் முதலில் அழியுங்கள். அப்படியும் நெடுநாள் நம்ப முடியாது, பூச்சே வேறு.

ஏப்ரல் 11

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா எழுதியதை வாசித்த பிறகு முதல் நாள் பதிலுக்கு முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவருடைய அப்பாவின் ஈ.பி.எப்.பில் சில வருடம் விடுபட்டிருக்கிறது. பேர் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. தோட்ட ஆபீசில் கேட்டால் பழைய பதிவு இல்லை என்கிறார்கள். 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போய், 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது பதிவேடுகளும் கை மாறின. எது எங்கே என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

தலவாக்கலைத் தம்பி, தாத்தாவின் பெட்டியில் ஈ.பி.எப். என்று லேபிள் உள்ளதை இப்போதைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் பேர்கள் யாருடையவோ, அவர்களில் ஒருவருக்காவது அந்த மாதச் சம்பளக் கணக்கு தேவைப்படலாம். சின்ன டிஸ்கென்றால் யூ.எஸ்.பி. ப்ளொப்பி ட்ரைவே போதும், பெரியதுக்கு ஹட்டனில் என்னிடம் ட்ரைவ் இருக்கிறது. சாதாரண ட்ரைவ் கைவிட்டதை கிரீஸ்வீசல் என்ற சின்ன சேர்க்கிட் போர்ட் பல நேரம் எடுத்துத் தரும். பூஞ்சணம் உள்ளதைத் துடைக்காமல் எதிலும் போடவேண்டாம். வாசித்து, பிரதி எடுத்து, உரியவர்களிடம் சேர்த்த பிறகு அழிக்கலாம். பிரதியை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், அடையாள அட்டை நம்பர் உள்ள பட்டியல் அது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்தவர் விஷயம் அடுத்தவர் விஷயம்தான்.

ஏப்ரல் 12

கசட்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர் ஒரு பை நிறையப் பாட்டுக் கசட் இருக்கிறது, அழித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் பதிவு செய்யப் போகிறேன் என்கிறார். அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்.

கசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னச் சதுரக் குழி இருக்கும். கடையில் வாங்கிய பாட்டுக் கசட்டில் அந்தக் குழி திறந்திருக்கும், அதனால் ரேடியோவில் ரெக்கோர்ட் பொத்தான் அமுங்காது. அந்தக் குழியின் மேல் செலோடேப்போ, மருந்துக்கடைப் பிளாஸ்டரோ, மடித்த கடதாசியோ இருந்தால், அந்தக் கசட்டில் யாரோ எதையோ பதிவு செய்திருக்கிறார்கள். லேபிளில் படப்பாட்டு என்றுதான் இருக்கும்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று வந்தது. பிளாஸ்டர் மஞ்சளாகி ஓரம் உரிந்திருந்தது. முதல் பக்கம் முழுக்கப் பாட்டு. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு பாதியில் அறுந்து, சித்தியின் குரல். குவைத்திலிருந்து. ரொட்டி சுடுகிற வீட்டம்மா நல்லவள், வெயில் தாங்க முடியவில்லை, சின்னவனுக்குச் சட்டை அனுப்பியிருக்கிறேன் அளவு சரியா பார், கூரைத் தகரத்துக்கு வைத்த காசை யாருக்கும் கொடுக்காதே. நடுவில் ஒரு கதவு சாத்துகிற சத்தம், உடனே குரல் குசுகுசுவென்று ஆகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மத்திய கிழக்குக்குப் போன நம் பெண்களுக்குப் போன் எட்டாத விலை, கடிதம் எழுதப் பலருக்கு வராது. கசட்தான் கடிதம். இந்தியாவுக்குத் திரும்பிப் போன சொந்தங்களிடமிருந்தும் இப்படி வந்திருக்கிறது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்த குடும்பங்கள் நம்மில் எத்தனை.

ஆகவே குழி மூடிய கசட் எதுவானாலும் இரண்டு பக்கமும் கடைசி வரை கேளுங்கள். ஒரு பக்கம் முப்பது நிமிடம், சமைத்துக்கொண்டே கேட்கலாம். குழி திறந்திருப்பது ரெக்கோர்ட் பொத்தானைத்தான் தடுக்கும். நம் கருவி எந்தக் குழியையும் பார்ப்பதில்லை. ஆடலோட்டப் புலத்தில் போனது திரும்பாது, எந்த லாபாலும் எடுக்க முடியாது.

அழிக்கும் மேசைக்கும் வைத்திருக்க வேண்டிய கசட்டுக்கும் நடுவில் ஒரு அறையாவது இருக்கட்டும்.

ஏப்ரல் 13

அழித்த கசட்டைச் சோதிக்க: சத்தத்தை நன்றாகக் கூட்டி வெறும் டேப்பைக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தால் சரி. 'உஷ்... உஷ்...' என்று சுற்றுக்கு ஒரு தரம் வந்தால் வேகமாக விலக்கியிருக்கிறீர்கள், மறுபடி செய்யுங்கள். நிலைக்காந்தத்தால் தேய்த்த டேப்பில் இரைச்சல் கூடிப்போயிருக்கும், புதிதாகப் பதிவதும் கரகரக்கும். அதையும் இந்தக் கருவி சரியாக்கும்.

ஏப்ரல் 13, இரவு

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அறைக்குள்ளேயே வரக்கூடாது. வங்கி அட்டை, சாவி கொடுக்கிற கைக்கடிகாரம், பழைய பெட்டி ரி.வி. எல்லாம் தூரம்.

ஏப்ரல் 16

பழைய ரி.வி.யின் பின்னால் சுற்றியிருக்கும் கறுப்பு வளையச் சுருள் உதவுமா என்று கேள்வி. அது திரையின் நிறத் திட்டைப் போக்குவதற்கானது. அகலமான வளையம், புலம் பரந்துவிடும், டிஸ்குக்குப் பலம் போதாது. அதிலிருக்கிற யோசனை மட்டும் அழகு: கூட வரும் தெர்மிஸ்டர் சூடேறச் சூடேறக் கரண்ட் தானாகக் குறைந்து அடங்குகிறது. நாம் கையால் விலக்கிச் செய்வதை அது இருந்த இடத்திலேயே செய்கிறது.

ஏப்ரல் 19

ஹார்ட் டிஸ்க் பற்றி வந்த எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: வீட்டுக் கருவியால் முடியாது. அதன் பூச்சின் எதிர்ப்பு ஆயிரக்கணக்கான ஓர்ஸ்டெட், மேலே அலுமினியக் கூடு வேறு ஆடலோட்டப் புலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஓடுகிற ஹார்ட் டிஸ்கென்றால் முழுக்க ஒரு தரம் பூச்சியம் எழுதுங்கள், அது போதும். 35 தரம் எழுத வேண்டும் என்ற பேச்சு பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அது அந்தக் காலத்துப் பலவகை ட்ரைவ்களையும் மனதில் வைத்துச் சொன்னது, இன்றைய ட்ரைவுக்குப் பொருந்தாது. ஓடாததென்றால் திறந்து தட்டைக் கெடுக்க வேண்டும். மடிக்கணினி ட்ரைவின் தட்டு பல நேரம் கண்ணாடி, அடித்தால் ஊசி ஊசியாகத் தெறிக்கும், துணிக்குள் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு காந்தமும் விரலைக் கவ்வினால் தோல் உரியும்.

பென் ட்ரைவ், மெமரி கார்ட், சி.டி. எதிலும் காந்தம் ஒன்றும் செய்யாது.

சிப் (Zip) டிஸ்க், கொம்பியூட்டர் தரவைச் சேமிக்கிற எல்.டி.ஓ. டேப் வைத்திருப்பவர்கள் அழித்துத் திரும்பப் பாவிக்க நினைக்காதீர்கள். தடத்தைக் காட்டும் குறிகள் பெக்டரியில் எழுதி வருகின்றன. அவையும் சேர்ந்து போய்விடும், வீட்டில் திருப்பி எழுத வழியில்லை. வீசுவதற்கென்றால் சிப் டிஸ்கின் தகட்டையும் ப்ளொப்பி போலவே வெட்டிவிடுங்கள். எல்.டி.ஓ. மெட்டல் கசட்டைவிடப் பிடிவாதம், நம் கருவிக்கு அசையாது, டேப்பை இழுத்து வெட்டுவதுதான் வழி.

ஏப்ரல் 21

தலவாக்கலைத் தம்பி பெட்டியோடு வந்துபோனார். ஈ.பி.எப். லேபிள் உள்ள சின்ன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் நன்றாக வாசிக்கிறது. பெரியதில் பூஞ்சணம், துடைத்துத்தான் பார்க்க வேண்டும். லேபிள் இல்லாத 720களில் இருந்தது பழைய விளையாட்டும் வேர்ட்ஸ்டார் கடிதங்களும். தம்பி வாசித்துப் பார்த்து வேண்டாம் என்றதை அவரே அழித்தார், முதல் டிஸ்கை அவசரமாகத் தூக்கினார், பிறகு கை பழகிவிட்டது. அவை கொட்டகலைக்குப் போகின்றன. மஸ்கெலியா அக்கா, அப்பா வேலை செய்த டிவிஷன் பேரையும் வருடத்தையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.